காளான் அன்று, களை: உணவுப் பயிர்களின் வேரில் வாழும் ஒட்டுண்ணி



மொழி மன்றத்தின் மேடையில் ஒரு களையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் உழவர் ஒரு செடிக்கு இடும் பெயரில் அவர் கண்டறிந்த உண்மை இருக்கிறது. அந்தப் பெயர் எதைச் சொல்லாமல் விடுகிறதோ, அங்கே அவர் அடையும் இழப்பின் காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு செடியே இன்றைய உரையின் பொருள். தமிழகத்தில் புகையிலை பயிரிடுவோர் அதனைப் ‘புகையிலைக் காளான்’ என்பர். நிலைத்திணையியலார் ‘ஓரோபாங்கி’ என்பர். அதன் நெருங்கிய உறவான மற்றொரு பேரினம் ‘ஃபெலிபாங்கி’ எனப்படும். ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்துப் ‘புரூம்ரேப்’ என்கின்றனர்.

இந்த உரையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. மண்ணுக்கு மேலே கண்ட பிறகு இக்களையை வெல்வது அரிது. மண்ணுக்குக் கீழே நிகழ்வதை அறிந்து, முன்கூட்டியே செயற்படுவோர்க்கே அது கட்டுப்படும். இதனை விளங்கிக்கொள்ளப் பெயரிலிருந்து தொடங்குவோம்.

பெயர்கள் சொல்வதும் சொல்லாததும்

‘ஓரோபாங்கி’ என்பது கிரேக்கச் சொல். ‘ஓரோபாஸ்’ என்பது ஒருவகைப் பயறு. ‘ஆங்கின்’ என்றால் நெரித்தல். பயற்றின் கழுத்தை நெரிப்பது என்பது இதன் பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோபிராஸ்டஸ் செடிகளைப் பற்றி எழுதிய நூலிலேயே பயற்றைச் சுற்றி நெரிக்கும் களை பற்றிய குறிப்பு உண்டு. எகிப்து உழவர்கள் இதனை ‘ஹாலூக்’ என்பர். அழிப்பது என்னும் பொருள் தரும் அரபு வேரிலிருந்து வந்த சொல் அது. வட இந்தியாவில் கடுகு பயிரிடுவோர் ‘மர்கோஜா’ என்பர். கிரேக்கர் அதன் செயலைக் கண்டு பெயரிட்டனர். அரபு மொழியினர் அதன் விளைவைக் கண்டு பெயரிட்டனர். தமிழர் அதன் தோற்றத்தைக் கண்டு பெயரிட்டனர்.

தோற்றத்தைப் பொறுத்தவரை ‘காளான்’ என்னும் பெயர் மிகப் பொருத்தமானது. இச்செடியில் பச்சை நிறமே இல்லை. விரிந்த இலைகளும் இல்லை. தண்டில் ஒட்டிய சிறு செதில்களே உண்டு. நேற்று வெறுமையாக இருந்த இடத்தில் இன்று வெளிர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு சதைப்பற்றுள்ள தண்டு மண்ணைப் பிளந்துகொண்டு நிற்கும். மழைக்குப் பின் முளைக்கும் காளானையே அது நினைவூட்டும்.

ஆனால் அது காளான் அன்று; பூக்கும் தாவரம். வெண்மையாகவும் ஊதாவாகவும் அழகிய குழல் வடிவப் பூக்களைப் பூத்து, காய்த்து, விதை தரும் செடி. இந்த வேறுபாடு வெறும் வகைப்பாட்டுச் செய்தியன்று. காளான் என்று கருதுபவர் பூஞ்சைக்கொல்லியைத் தேடுவார், அது பயன்படாது. விதை தரும் செடி என்று அறிந்தவர், அந்த விதை எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் மண்ணில் இருக்கும், எப்போது முளைக்கும் என்று கேட்பார். களை மேலாண்மை அந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது.

‘புகையிலை’ என்னும் முன்னொட்டும் நம்மைச் சற்றுத் திசைதிருப்பக் கூடும். புகையிலையைத் தாக்கும் இதே இனம் தக்காளியையும் கத்தரியையும் தாக்க வல்லது. ஒரு பயிரின் பெயரோடு பிணைத்துவிட்டதால், அப்பயிரைக் கைவிட்டால் களையும் போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது.

முழு ஒட்டுண்ணியும் அரை ஒட்டுண்ணியும்

நம் வட்டார மாணவர்களுக்கு முழு ஒட்டுண்ணி என்னும் கருத்தை விளக்க நல்ல எடுத்துக்காட்டு ஒன்று அருகிலேயே இருக்கிறது. பேராக், சபா காடுகளில் பூக்கும் ரஃப்ளீசியாவை எல்லாரும் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர் வரலாற்றில் இடம்பெற்ற ராஃபிள்ஸின் பெயரைத் தாங்கிய மலர் அது. அதற்கு இலையில்லை, தண்டில்லை. ஒரு காட்டுக் கொடியின் உள்ளே இழைகளாகப் பரவி வாழ்ந்து, பூப்பதற்கு மட்டுமே வெளியே வருகிறது. புகையிலைக் காளான் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் வாழ்முறையில் இரண்டும் ஒன்றே. தன் உணவைத் தானே ஆக்காமல், நீர், சர்க்கரை, தாதுப்பொருள் அனைத்தையும் பிறிதொரு செடியிடமிருந்து பெறுவதால் இரண்டும் முழு ஒட்டுண்ணிகள்.

புகையிலைக் காளானின் குடும்பத்திலேயே அரை ஒட்டுண்ணிகளும் உண்டு. தமிழக உழவர் ‘சுடுமல்லி’ என்று அழைக்கும் ஸ்ட்ரைகா அத்தகையது. பச்சை இலைகள் உடையதாயினும் சோளம், கரும்பு போன்ற பயிர்களின் வேரைப் பற்றியே வாழும். ஆப்பிரிக்காவின் சிற்றுழவர்களைப் பெரிதும் வருத்தும் களை இதுவே. இன்றைய பேச்சு புகையிலைக் காளான் இனங்களைப் பற்றியதாயினும், சுடுமல்லி ஆய்வில் கிடைத்த அறிவையும் இடையிடையே எடுத்துக்காட்டுவேன்.

தூசியளவு விதை

இக்களையின் வலிமை அதன் விதையில் இருக்கிறது. ஒரு விதையின் நீளம் மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே. ஒரு கிராம் எடையில் இலட்சக்கணக்கான விதைகள் அடங்கும். நன்கு வளர்ந்த ஒரே செடி பல்லாயிரம் முதல் இலட்சக்கணக்கான விதைகளை உதிர்க்கும். அவை பத்தாண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிர்ப்புடன் கிடக்கும். ஒரு பருவத்தில் கவனிக்காமல் விட்ட சில செடிகள், அந்த நிலத்தை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும்போதும் அதனுள் இருக்கும்.

இவ்வளவு சிறிய விதையில் சேமிப்புணவு மிகக் குறைவு. முளைத்தால் அதன் முளைவேர் சில மில்லிமீட்டர் தொலைவே நீள முடியும். அத்தொலைவுக்குள் ஏற்ற பயிரின் வேர் கிடைக்காவிட்டால் சில நாள்களில் மடிந்துவிடும். ஆகவே இவ்விதை கண்ட நேரத்தில் முளைப்பதில்லை. முதலில் ஈரமான, தக்க வெப்பமுள்ள மண்ணில் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆயத்தமாகிறது. அதன் பின்னும் காத்திருக்கிறது. அருகில் பயிரின் வேர் இருக்கிறது என்பதற்கான வேதிக்குறிப்பு கிடைத்தால் மட்டுமே முளைக்கிறது.

முளைவேர் பயிரின் வேரைத் தொட்டதும் உறிஞ்சுறுப்பாக மாறி உள்ளே நுழைந்து, பயிரின் நீர்க்குழாய்களோடும் உணவுக்குழாய்களோடும் இணைகிறது. வெளிப்புறத்தில் சிறு கிழங்கு போன்ற முடிச்சு உருவாகிறது. பல வாரங்கள் மண்ணுக்குள்ளேயே இருந்து அது பருக்கிறது. உழவர் கண்ணில் தண்டு படும்போது பயிர் இழக்க வேண்டியதில் பெரும்பகுதியை இழந்துவிட்டிருக்கும்.

உதவிக்கு அழைக்கும் குரல்

விதைக்குக் கிடைக்கும் அந்த வேதிக்குறிப்பு எது? பயிர் ஏன் தன் பகைவனுக்குக் குறிப்புக் காட்டுகிறது? இக்கேள்விக்கு விடை கிடைக்க நாற்பதாண்டுகள் ஆயின.

1966இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பருத்தி வேரின் கசிவிலிருந்து சுடுமல்லி விதையை முளைக்கச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ‘ஸ்ட்ரைகால்’ என்று பெயரிட்டனர். பின்னர் அதே வகைப் பொருள்கள் பல பயிர்களின் வேர்க்கசிவில் காணப்பட்டன. இவை ஸ்ட்ரைகோலாக்டோன்கள் எனப்படும். மண்ணில் மிக மிகக் குறைந்த செறிவிலேயே இவை செயற்படுகின்றன.

2005இல் சப்பானிய ஆய்வாளர்கள் மறுபாதியைக் கண்டனர். வேர்களோடு கூடி வாழ்ந்து, மண்ணிலிருந்து பாஸ்பரசைக் கொண்டுவந்து தரும் நன்மைப் பூஞ்சைகள் உண்டு. ஸ்ட்ரைகோலாக்டோனை உணர்ந்ததும் அப்பூஞ்சைகள் கிளைத்து வேரை நாடி வருகின்றன. 2008இல் மேலும் ஒரு செய்தி வெளியாயிற்று. செடியின் கிளைப்பைக் கட்டுப்படுத்தும் வளர்ச்சிப் பொருளாகவும் இதே சேர்மங்கள் பணிபுரிகின்றன.

ஆக, பயிர் பகைவனை அழைக்கவில்லை. பாஸ்பரசு குறைந்த மண்ணில் பசியோடிருக்கும் வேர், உதவிக்குப் பூஞ்சையை அழைக்கிறது. அந்தக் குரலை ஒட்டுண்ணியின் விதையும் ஒட்டுக்கேட்கிறது. வளமற்ற மண்ணில் இக்களையின் கொடுமை மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏழை உழவரின் நிலத்தில் குரல் உரக்க ஒலிக்கிறது. உரமிடப் பொருளுள்ளவர் நிலத்தில் அது தணிகிறது.

நம் தட்டில் உள்ளவை

இக்களையால் நமக்கென்ன என்று மாணவர்கள் கேட்கலாம். ‘கச்சாங் பூத்தே’ பொட்டலத்தில் நாம் கொறிக்கும் கொண்டைக்கடலையும் பட்டாணியும், பருப்புக் குழம்பில் இடும் மைசூர்ப் பருப்பும் இக்களைக்கு இலக்காகும் பயிர்களே. தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, கேரட், சூரியகாந்தி, கடுகு ஆகியனவும் இப்பட்டியலில் உண்டு. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றை இது தாக்குவதில்லை.

மிகத் துன்புற்ற பயிர் ஃபாபா அவரை. எகிப்தில் பலரும் காலை உணவாக உண்ணும் ‘ஃபுல் முதம்மஸ்’ இந்த அவரையால் ஆனது. இறைச்சி வாங்க இயலாத குடும்பங்களுக்குப் புரதம் தருவது அதுவே. மத்தியதரைக் கடற்பகுதி முழுவதும் ஓரோபாங்கி கிரெனாட்டா என்னும் இனம் இப்பயிரைத் தாக்குகிறது. தாக்கம் மிகுந்த வயல்களில் அறுவடைக்கு ஒன்றுமே மிஞ்சாமற் போவதும் உண்டு. அத்தகைய நிலத்தில் உழவர் அவரையையே கைவிட்டு வேறு பயிருக்கு மாறுகிறார். மண்ணுக்குத் தழைச்சத்தைத் தந்துவந்த பயிரும், வீட்டுக்குப் புரதம் தந்துவந்த பயிரும் ஒருசேர மறைகின்றன.

மேலாண்மையின் படிகள்

இனி, என்ன செய்யலாம் என்பதைக் காண்போம். எந்த ஒரு வழியும் தனித்து நின்று இக்களையை வென்றதில்லை. பல வழிகளை இணைக்க வேண்டும். ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளக்க வேண்டும்: மண்ணில் உள்ள விதையிருப்பு இதனால் குறைகிறதா, கூடுகிறதா?

முதற்படி, விதை நிலத்துக்குள் வராமல் காத்தல். இவ்விதை காற்றிலும் நீரிலும் பரவும். ஆயினும் நெடுந்தொலைவு கொண்டுசெல்பவர் மாந்தரே. களைவிதை கலந்த பயிர்விதை, சேறு ஒட்டிய உழுபொறி, அறுவடை எந்திரம், காலணி, நாற்று, தீவனம் ஆகியவற்றின் வழியாக அது பயணம் செய்கிறது. கால்நடையின் குடலைக் கடந்தும் உயிரோடிருப்பதால், தாக்குண்ட வயலின் தழையைத் தின்ற கால்நடையின் எருவும் விதையைக் கொண்டுவரும். தூய விதை, கழுவிய கருவி, நன்கு மக்கிய எரு ஆகிய மூன்றும் மலிவான காப்புகள்.

இரண்டாம் படி, மண்ணிலுள்ள விதையை ஏமாற்றி முளைக்கச் செய்தல். சில பயிர்களின் வேர்க்கசிவு களைவிதையை முளைக்கச் செய்யும்; ஆனால் அவ்வேரில் ஒட்டுண்ணி வாழ இயலாது. முளைத்த விதை உணவின்றி மடியும். இத்தகையதைப் பொறிப்பயிர் எனலாம். ஆளி இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மற்றொரு வகை, ஒட்டுண்ணியைத் தன் வேரில் ஏற்கும் பயிரையே விதைத்து, களை பூக்குமுன் பயிரை அறுத்தோ மடக்கி உழுதோ விடுதல். இதனைப் பிடிபயிர் எனலாம். எகிப்தில் தீவனமாகப் பரவலாக வளர்க்கப்படும் பெர்சீம் இவ்வாறு பயன்படக் கூடியது. அவரைக்கு ஊடுபயிராக வெந்தயம், ஓட்ஸ், பெர்சீம் ஆகியவற்றை விதைத்தால் அவரையின் வேரில் தாக்கம் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நீர் தேங்கும் நெல் வயலாகச் சுழற்சி செய்வதும் விதையிருப்பைக் குறைக்கும்.

சுடுமல்லியில் இந்த ஏமாற்று முறை பெரிய அளவில் வென்றிருக்கிறது. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956இல் சுடுமல்லி கண்டறியப்பட்டது. மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி விதைகளைப் பயிரில்லாத நேரத்தில் முளைக்கச் செய்தனர். இதனோடு களைக்கட்டுப்பாடும் போக்குவரத்துக் கட்டுப்பாடும் சேர்ந்து, 4 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டிருந்த பரப்பு சில ஆயிரம் ஏக்கராகச் சுருங்கியது. ஆனால் புகையிலைக் காளான் இனங்களின் விதைகள் எத்திலீனுக்குப் பெரும்பாலும் செவிசாய்ப்பதில்லை. உறவினராயினும் மருந்து வேறு. களையின் சரியான பெயரை அறிவதன் தேவை இங்கே புலப்படும்.

மூன்றாம் படி, வெயிலைக் கொண்டு மண்ணைச் சூடேற்றல். கடுங்கோடையில் நிலத்தை நன்கு நனைத்து, ஒளிபுகும் நெகிழித்தாளால் சில வாரங்கள் மூடிவைப்பர். மண்ணின் மேலடுக்கில் உள்ள விதைகள் மடியும். இஸ்ரேலில் 1980ஆம் ஆண்டளவிலேயே இது இக்களைக்கு எதிராக ஆய்ந்து காட்டப்பட்டது. விலைமிக்க காய்கறி நிலத்துக்கு இது ஏற்றது. பரந்த அவரை வயலுக்குச் செலவு தாங்காது.

நான்காம் படி, எதிர்ப்பாற்றல் கொண்ட பயிர் வகைகள். எகிப்தின் ‘கீஸா 402’ என்னும் அவரை வகை பிற்கால வகைகள் பலவற்றுக்குத் தாயாக அமைந்தது. ஸ்பெயினில் உருவாக்கப்பட்ட சில அவரை வகைகளின் வேர்கள் ஸ்ட்ரைகோலாக்டோனை மிகக் குறைவாகவே கசிகின்றன. விதை குறிப்பைப் பெறாததால் முளைப்பதில்லை. சோளத்தில் இன்னும் நுட்பமான வழி ஒன்று இருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா சுடுமல்லியைத் தாங்கும் சோள வகைகளை உருவாக்கியமைக்காக 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அத்தகைய சோளத்தின் மரபணு விளக்கம் 2017இல் வெளியாயிற்று. அதன் வேர் குரலை அடக்கவில்லை. ஸ்ட்ரைகோலாக்டோனின் வடிவத்தை மாற்றியிருக்கிறது. மொழி மாணவர்களுக்கு இதனை எளிதாகச் சொல்லலாம்: சோளம் தன் ஒலிப்பை மாற்றிக்கொண்டது, சுடுமல்லி விதைக்கு அது சரியாக விளங்கவில்லை.

எதிர்ப்பாற்றலும் நிலையானதன்று என்பதைச் சூரியகாந்தியின் வரலாறு காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருசியாவில் களையைத் தாங்கும் சூரியகாந்தி வகைகளைத் தெரிவு செய்தனர். சில காலம் கழித்து அவற்றையும் தாக்கும் புதிய களைக்கூட்டம் தோன்றியது. அதனைத் தாங்கும் வகை வந்தது. அதனை வெல்லும் களையும் வந்தது. 1980இல் உருமேனிய ஆய்வாளர்கள் இக்கூட்டங்களை ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்தாக வகுத்தனர். இன்று அவ்வரிசை மேலும் நீண்டுள்ளது. எதிர்ப்பாற்றல் கொண்ட விதை கிடைத்துவிட்டது என்று பிற வழிகளைக் கைவிடும்போதே இவ்வோட்டம் விரைவடைகிறது.

ஐந்தாம் படி, களைக்கொல்லி. பயிரோடு குழாயால் இணைந்திருக்கும் களையைக் கொல்ல, பயிரைக் கொல்லாத அளவில் மருந்து தர வேண்டும். கடுகில் கிளைபோசேட்டை ஹெக்டேருக்கு முதலில் 25 கிராம், பின்னர் 50 கிராம் என மிகக் குறைந்த அளவில் இருமுறை தெளிக்கும் முறை ஹரியானாவில் ஆய்வு செய்து பரிந்துரைக்கப்பட்டது. அளவு சற்றே கூடினால் பயிரே கருகும். இங்கும் காலமே தலையாயது. மண்ணுக்குள் களை எந்நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் தெளிப்பது வீண். இஸ்ரேல் ஆய்வாளர்கள் தக்காளிக்கென ஒரு முறையை வகுத்தனர். மண்ணின் அன்றாட வெப்பத்தைக் கூட்டிக் கணக்கிட்டு, ஒட்டுண்ணி எப்போது வேரைப் பற்றும், எப்போது முடிச்சாகும் என்று முன்கூறி, அந்த நாளில் மருந்திடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாததை வெப்பமானியால் காணும் முயற்சி இது.

கடைசிப் படி, கையால் பிடுங்குதல். மேலே கண்டபின் செய்வதாயினும் அதனைத் தள்ளிவிடக் கூடாது. இந்தப் பருவத்துப் பயிரை அது காப்பாற்றாது. அடுத்த பருவங்களைக் காப்பாற்றும். ஆனால் பூத்தபின் பிடுங்கி வரப்பில் போட்டால் அங்கேயே விதை முதிர்ந்து உதிரும். பூக்குமுன் பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுசென்று எரித்துவிட வேண்டும். காயினுள் புகுந்து விதையைத் தின்னும் ஒருவகைச் சிறு ஈயும் இயற்கையில் உண்டு. அது விதையைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழிக்காது.

அச்சமும் மறைப்பும்

அறிவியல் வழிகள் இவ்வளவு இருந்தும் களை பரவுவதற்கு மற்றொரு காரணம் உண்டு. அது மாந்தரைப் பற்றியது.

தென் ஆஸ்திரேலியாவில் 1992இல் கிளைவிடும் இனமான ஃபெலிபாங்கி ராமோசா கண்டறியப்பட்டது. முற்றாக ஒழித்துவிடும் நோக்கில் பல்லாண்டுகள் பெருஞ்செலவில் திட்டம் நடந்தது. 2011இல், ஒழிப்பது இயலாது, கட்டுப்படுத்தி வாழ்வதே வழி என்னும் முடிவுக்கு வந்தனர். செல்வமிக்க நாட்டின் அரசாலும் மண்ணிலிருந்த தூசியளவு விதையை முற்றாகத் துடைக்க முடியவில்லை.

கலிபோர்னியாவின் நிலை வேறொரு பாடம் தருகிறது. பதப்படுத்தும் தக்காளியைப் பேரளவில் விளைவிக்கும் மாநிலம் அது. ஒழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அதே களை 2017இல் யோலோ மாவட்டத்தின் தக்காளி வயலில் மீண்டும் காணப்பட்டது. அப்போதைய விதிப்படி, களை உறுதியான வயலின் பயிரை அறுவடை செய்யாமலே அழிக்க வேண்டியிருந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அந்நிலத்தில் களைக்கு இடந்தரும் பயிரைப் பயிரிடவும் தடை இருந்தது. பிற வயல்களைக் காப்பதற்கு இது தேவையே. ஆனால் உழவரின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அவ்விதியின்கீழ் உண்மையைச் சொன்னவர் அவ்வாண்டு விளைச்சலை முழுவதும் இழந்தார். சொல்லாதவர் அறுவடை செய்துகொண்டார். அந்த அறுவடை எந்திரம் அடுத்த வயலுக்குப் போகும்போது விதையும் உடன் போகிறது. தண்டனைக்கு அஞ்சி மறைப்பவரைக் குறை கூறுவது எளிது. மறைக்கத் தேவையில்லாத விதிகளையும் இழப்பீட்டையும் வகுப்பதே பயன் தரும்.

இக்களை ஓர் உழவரின் தனிச்சிக்கல் அன்று. ஒருவர் பத்தாண்டு உழைத்துக் குறைத்த விதையிருப்பை, வாய்க்காலுக்கு அப்பால் உள்ளவர் ஒரே பருவத்தில் நிரப்பிவிடலாம். ஊர் கூடிச் செய்தால் மட்டுமே இவ்வேலை நிலைக்கும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

நம்மில் பெரும்பாலோர் வயலில் இறங்காதவர்கள். நாம் செய்யக் கூடியது என்ன?

முதலாவது, சொற்களைச் செம்மையாக்குதல். ஒட்டுண்ணிக் களை, முழு ஒட்டுண்ணி, அரை ஒட்டுண்ணி, உறிஞ்சுறுப்பு, விதையிருப்பு, பொறிப்பயிர், பிடிபயிர் என்னும் சொற்களை இன்றைய உரையில் பயன்படுத்தினேன். இவற்றுள் எதுவும் மாணவர்க்குப் புரியாததன்று. இவற்றை அறிவியல் பாடத்திலும் தமிழ்ப் பாடத்திலும் ஒரே பொருளில் வழங்க வேண்டும். பொறிப்பயிரையும் பிடிபயிரையும் ஒன்றெனக் குழப்பினால் விளைவு பெரிது. முன்னதை முற்ற விடலாம். பின்னதை முற்ற விட்டால் களையை நாமே வளர்த்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது, மக்கள் வழக்கைப் புறந்தள்ளாதிருத்தல். ‘புகையிலைக் காளான்’ என்னும் பெயரை நீக்கிப் புதுப்பெயர் இட வேண்டும் என்று நான் கூறவில்லை. உழவர்க்கு அப்பெயரே தெரியும். பாடநூலில் அப்பெயரை முதலில் எழுதி, இது காளான் அன்று, விதை தரும் பூச்செடி என்று அடுத்த வரியிலேயே விளக்க வேண்டும். வழக்குச்சொல்லை வாயிலாகக் கொண்டு அறிவியலுக்குள் அழைத்துச் செல்வதே ஆசிரியர் பணி.

மூன்றாவது, எல்லையைக் காத்தல். நம்மில் பலர் தாயகப் பயணத்தின்போது விதைகளையும் நாற்றுகளையும் அன்போடு எடுத்துவருகிறோம். மண் ஒட்டிய காலணியோடு திரும்புகிறோம். கண்ணுக்குத் தெரியாத விதை அந்த மண்ணில் இருக்கலாம். விமான நிலையத்தில் பயிர்ப் பாதுகாப்பு அலுவலர் கேட்கும் கேள்வியைத் தொல்லையாகக் கருதாமல், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தோட்டங்களுக்குச் செல்லும் மாணவர்கள், திரும்புமுன் காலணியைக் கழுவும் பழக்கத்தை மேற்கொள்ளுங்கள்.

வகுப்பில் ரஃப்ளீசியாவைப் பற்றிப் படிக்கும்போது, அதே வாழ்முறையுடைய மற்றொரு செடி நம் உணவுப் பயிர்களின் வேரில் வாழ்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேர் ஏன் குரல் கொடுக்கிறது, விதை எப்படிக் கேட்கிறது என்னும் கேள்வியை மாணவர்முன் வையுங்கள். குரலைக் கைவிடாமலே பகைவனைத் தவிர்க்கும் பயிரை உருவாக்கும் பணி இன்னும் முடியவில்லை. அதில் பங்குகொள்ளக் கூடியவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம்.